எறிஞ்ச கைக்கு நாலு நாள்

கை எப்பிடி, என்ன நடந்தது எண்டு ஆளாளுக்குக் கேக்கிறியள். கோயில்ல கேக்கிறியள், கடையில கேக்கிறியள், கலியாண வீட்டில பந்தியில வைச்சுக் கேக்கிறியள். நானும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். பாதி சொல்லேக்க, "ஓமோம், என்ர சித்தப்பாவுக்கும் உப்பிடித்தான்" எண்டு வெட்டிப்போட்டு அவரின்ர பிரஷர்க் கதையைத் தொடங்கிறியள். அதால ஒருக்கா முழுசா எழுதிப்போடுறன். இதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னைக் கேக்கக் கூடாது. கோபமாத்தான் எழுதுறன். கோபமில்லாமல் எழுத எனக்கு இப்போதைக்கு ஏலாது.

என்ர பேர் தயாளன். லண்டனில செவன் கிங்ஸ் பக்கம் இருக்கிறன், குழாய் வேலை செய்யிறன். பதினாறு வயதில ஹொலண்டுக்கு அகதியாப் போனனான். பேந்து மகளின்ர இங்கிலீஷ் படிப்புக்கெண்டு லண்டனுக்கு வந்தனாங்கள். ஹொலண்டில எங்களைக் கொண்டுபோய் விட்ட சின்ன ஊரில கிரிக்கெட் இல்லை. பேஸ்போல்தான் இருந்தது. பாஷை தெரியாது, பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் கதைக்க மாட்டினம், ஆனா பந்தை எறிஞ்சு காட்டினவுடன "நீ எங்கட ரீமுக்கு வா" எண்டு கூப்பிட்டாங்கள். அண்டையிலயிருந்து நான் பிட்சர்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். பேஸ்போலில பந்து எறியிறவர்தான் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் ஸ்டார்ட்டர். ஒரு ஆட்டத்தில எண்பது, தொண்ணூறு பந்து எறிவார், ஒவ்வொண்டும் முழுப் பலத்தோட. அதுக்குப் பிறகு அவருக்கு ஓய்வு குடுத்தே ஆக வேணும். எறிஞ்ச கையில தசைநார் சின்னன் சின்னனாக் கிழிஞ்சு கிடக்கும். அது ஒட்ட வேணும், வீக்கம் வத்த வேணும். அமெரிக்காவில பெரிய ரீமுகள் அஞ்சு ஸ்டார்ட்டரை வைச்சிருக்கிறது இதுக்குத்தான். ஒருத்தர் எறிஞ்சா அடுத்த நாலு நாளும் மற்ற நாலு பேரின்ர முறை, அஞ்சாம் நாள்தான் திரும்ப அவர். அந்த நாலு நாளும் படுத்துக் கிடக்கிறதில்லை. முதல் நாள் ஓடுறது, பேந்து ஒரு நாள் மெல்லமா எறிஞ்சு பாக்கிறது, ஆட்டத்துக்கு முதல் நாள் கையை விட்டிடுறது. காசு குடுத்து வாங்கின கோடீஸ்வரக் கைக்கே நாலு நாள் வேணுமெண்டா, பகல் முழுக்கக் குறடு பிடிக்கிற என்ர கைக்கு எவ்வளவு வேணும்?

லண்டனிலயும் ஒரு ரீம் கிடைச்சுது. பயிற்சியாளர் வால்டர் எண்டு ஒரு கனடாக்காரக் கிழவர். நான் எறியிற ஒவ்வொரு பந்துக்கும் கையில ஒரு சின்ன மெஷினை 'டிக்' எண்டு அமத்துவார். கணக்கு முடிஞ்சுதெண்டா நான் நல்லா எறிஞ்சாலும் வெளியில எடுத்திடுவார். "கை உன்ரதில்லை, உன்ர பிள்ளையின்ரது" எண்டு சொல்லுவார். எங்களுக்கு ஞாயிறுக்கு ஞாயிறு மட்டும்தான் ஆட்டம். அப்ப ஒரு கிழமை முழுக்க ஓய்வுதானே, பிரச்சினை என்ன எண்டு கேப்பியள். பிரச்சினையின்ர பேர் சனிக்கிழமை.

என்ர மனிசி சுமதியின்ர தமையன் குகன் அண்ணை மோர்டனில இருக்கிறார். அவையின்ர ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். இந்தக் கோடையில, ரெண்டாயிரத்து ஒன்பதில, சனிக்கிழமையெண்டா எங்கயாவது ஒரு மைதானத்தில கிரிக்கெட் சுற்றுப்போட்டி. ஊரில சண்டை முடிஞ்சு முகாமில கிடக்கிற சனத்துக்குக் காசு சேக்கிறது. ஒரே நாளில மூண்டு மட்ச், ஃபைனலுக்குப் போனா நாலு. குகன் அண்ணையின்ர ரீமில வேகப் பந்து போட ஆள் நான் ஒருத்தன்தான். மற்றவைக்கு வயிறு வண்டி வைச்சிட்டுது.

ஜூன் மாதம் ஒருநாள் அவருக்குச் சொன்னன்.

"அண்ணை, ஞாயிறு எனக்குப் பேஸ்போல் இருக்கு. முதல் நாள் கையைப் பாவிக்கக் கூடாது. எறிஞ்ச கைக்கு நாலு நாள் வேணும்."

"உதென்ன மச்சான் விசர்க் கதை? பேஸ்போல் எண்டா ரவுண்டர்ஸ் தானே? இஞ்ச பள்ளிக்கூடத்தில பொம்பிளைப் பிள்ளையள் விளையாடுறது."

நான் திரும்பவும் விளங்கப்படுத்தத் தொடங்கினன். அவர் சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு, பக்கத்தில நிண்ட எல்லாருக்கும் கேக்கக்கூடியதாச் சொன்னார்:

"அங்க சனம் முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்குது. உனக்கு ரெஸ்ட் கேக்குதோ?"

இந்த வருஷம் லண்டனில எந்தத் தமிழனுக்கு இதுக்குப் பதில் இருந்தது? சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால நிண்டு தொண்டை கிழியக் கத்திப்போட்டு ஒண்டும் நடக்காமல் வீட்டுக்கு வந்தனாங்கள் நாங்கள். என்ர சொந்த அக்கா வவுனியாவில முகாமுக்குள்ள இருந்தா. அத்தான் எங்க எண்டு தெரியாது. அப்பிடி ஒரு அக்காவை வைச்சுக்கொண்டு 'கை நோகுது' எண்டு சொல்ல வாய் வருமோ? பேசாமல் போய்ப் பந்து போட்டன். ஒவ்வொரு சனியும் போட்டன். அடுத்த நாள் விடியப் போய் பேஸ்போலிலயும் எறிஞ்சன்.

வால்டருக்குச் சொல்லேல்லையோ எண்டு கேக்காதேங்கோ. சொன்னனான். "சனிக்கிழமையில கிரிக்கெட் விளையாடுறன்" எண்டு சொல்ல, மனுசன் சந்தோஷப்பட்டார். "நல்லது, வெள்ளை உடுப்புப் போட்டுத் தேத்தண்ணி குடிக்கிற விளையாட்டு, உடம்பு இளகும்" எண்டார். அவர் கனடாவில கிரிக்கெட்டைக் கண்டதே இல்லை. வால்டருக்கு அது தேத்தண்ணி, குகன் அண்ணைக்கு இது ரவுண்டர்ஸ். ரெண்டு பேருக்கும் நடுவில என்ர கை.

ஜூலையில ஒரு திங்கட்கிழமை, ஒரு வீட்டில சிங்குக்குக் கீழ படுத்துக் கிடந்து குழாய் பூட்டிக்கொண்டிருந்தன். வலக்கை மட்டும் பாரமாக் கிடந்தது. வெளியில இழுத்துப் பாத்தா, விரல் முழுக்க ஊதி, நகத்தடி நீலம். குடும்ப டொக்டர், ஜி.பி.யிட்டப் போனன். கையைத் தொட்டும் பாக்காமல், "தசை இழுபட்டிருக்கு, பரசிற்றமோல் எடும்" எண்டார். ரெண்டு நாளால மேல்கையும் வீங்கித் திரும்பப் போனன். "வீக்கத்துக்கு ஐஸ் வையும், பரசிற்றமோலை நிப்பாட்டாதையும்" எண்டார். நான் குழாய்காரன். தண்ணி போகாமல் அடைச்சுக் கிடக்கிற குழாய்க்கு ஆராவது பரசிற்றமோல் குடுப்பினமோ? ஆனா அது குழாய் அடைப்பெண்டு எனக்கு அப்ப தெரியாது. படிச்ச அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணும்.

சுமதிதான் கண்டுபிடிச்சா. அண்டு பின்னேரம் சேர்ட்டைக் கழட்ட ஏலாமல் நிண்டனான், அவ இழுத்துக் கழட்டினா. கழட்டிப்போட்டு அப்பிடியே நிண்டா.

"இஞ்சருங்கோ, இதென்ன உங்கட தோளில வேர் மாதிரி?"

கண்ணாடியில பாத்தன். வலத்தோளிலயிருந்து நெஞ்சு வரைக்கும் நீல நீலமா நரம்பு புடைச்சுக் கிளம்பியிருந்தது. மற்றப் பக்கத்தில ஒண்டும் இல்லை. "வெளிக்கிடுங்கோ" எண்டா. "நாளைக்குப் பாப்பம், வேலை கிடக்கு" எண்டன். "வேலையும் மண்ணாங்கட்டியும்" எண்டு சொல்லிப்போட்டு கார்த் திறப்பை எடுத்திட்டா. மகளைப் பக்கத்து வீட்டில விட்டுட்டு நேர அவசரப் பிரிவுக்குப் போனம்.

அங்க காத்திருக்கிற கொடுமையைச் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். கால் சுளுக்கின பெடியனையும் குடிச்சுப்போட்டு வந்த வெறிக்குட்டியையும் எனக்கு முதல் கூப்பிட்டினம். கடைசியா ஒரு இளம் டொக்டர் வந்து, ரெண்டு கையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தார். பாத்தவுடன அவரின்ர முகம் மாறிட்டுது. ஸ்கான் அறைக்கு அனுப்பினார். கழுத்தடியில குளிர் ஜெல்லைப் பூசிப்போட்டுப் படம் பாக்கிற பொம்பிளை முதலில மழையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தா. பேந்து மழையை விட்டுப்போட்டு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தா.

இரத்தக்கட்டி. கையிலயிருந்து இரத்தம் திரும்பி இதயத்துக்குப் போற பெரிய நாளம், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவால போகுது. எனக்குப் பிறப்பிலயே அந்த இடைவெளி ஒடுக்கமாம். கையைத் தலைக்கு மேல தூக்கி எறியிற ஒவ்வொரு தரமும் ரெண்டு எலும்பும் சேந்து நாளத்தை நசிக்கும். நசிபட்டு நசிபட்டு உள்சுவர் புண்ணாகி, அதில இரத்தம் கட்டிப்போட்டுது. இது பிட்சர்மாருக்கும் நீச்சல்காரருக்கும் பெயிண்டர்மாருக்கும் வாறது எண்டு அந்த இளம் டொக்டர் சொன்னார். அந்தக் கட்டியில ஒரு துண்டு கழண்டு நுரையீரலுக்குப் போனா மூச்சு நிண்டிடும். அதையும் சொன்னார். சுமதி என்ர மற்றக் கையை இறுக்கிப் பிடிச்சா.

அடுத்த நாள் முழங்கைக்கு மேலால ஒரு மெல்லிய ரியூப்பை நாளத்துக்குள்ள விட்டு, கட்டியைக் கரைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டா அனுப்பினாங்கள். அந்த மருந்து ஏறேக்க உடம்பில எங்க கீறல் பட்டாலும் இரத்தம் நிக்காதாம். சவரம் செய்யக் கூடாது, பல்லுத் துலக்கக் கூடாது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. இரத்தம் ஏதும் மூளையில கசிஞ்சிட்டுதோ எண்டு பாக்கிறதுக்கு அடிக்கடி எழுப்பி, "உம்மட பேர் என்ன, இது எந்த ஊர்" எண்டு கேட்டாங்கள். ஒருக்கா 'செவன் கிங்ஸ்' எண்டு சொல்லுறதுக்குப் பதிலா ஹொலண்ட் ஊரின்ர பேரைச் சொல்லிப்போட்டன். நேர்ஸ் டொக்டரைக் கூப்பிட ஓடிட்டா. சுமதிதான் பின்னால ஓடி விளங்கப்படுத்தினா.

சுமதி ஒவ்வொரு நாளும் புட்டும் சொதியும் கொண்டுவந்து ஊட்டிவிட்டா. எனக்கு இடக்கையால சாப்பிடத் தெரியாது. ஈலிங் கோயிலுக்குப் போய் அம்மனுக்கு நேர்த்தி வைச்சிட்டு வந்து, என்ன நேர்த்தி எண்டு மட்டும் சொல்ல மாட்டன் எண்டா. மகள் என்ர நெத்தியில தன்ர நட்சத்திர ஸ்ரிக்கர் ஒண்டை ஒட்டிவிட்டாள். அதைக் கழட்ட வேண்டாமெண்டு நேர்ஸ்மாருக்குக் கட்டளை வேற. இதெல்லாம் இல்லாட்டில் எனக்கு விசர் பிடிச்சிருக்கும்.

கட்டி கரைஞ்ச பிறகு சாயம் ஏத்திப் படம் எடுத்தாங்கள். சத்திரசிகிச்சை செய்யிற டொக்டர் ஒரு பொம்பிளை, வெட்டொண்டு துண்டு ரெண்டாக் கதைக்கிறவ. கை கீழ இருக்கேக்க திரையில நாளம் கறுப்பா வடிவாத் தெரிஞ்சுது. "இப்ப எறியிற மாதிரிக் கையைத் தூக்கும்" எண்டா. தூக்கினன். காலால மிதிச்ச ஹோஸ் பைப் மாதிரி நடுவில ஒண்டுமே இல்லை.

"முதல் விலா எலும்பை எடுக்க வேணும்" எண்டா. "எத்தினை நாளைக்கு ஒருக்கா எறியிறனீர்?"

சொன்னன். சனி, ஞாயிறு. பிறகு சனி, ஞாயிறு.

"முதல் நாள் நாள் முழுக்க எறிஞ்சுபோட்டு, அடுத்த நாள் காலமை திரும்ப எறிஞ்சனீரோ?"

"ஓம்."

"எலும்பு உம்மட பிழையில்லை. ஆனா ஒருநாளும் அந்த வீக்கத்தை வத்த விடேல்லை நீங்கள்."

இவ்வளவு நேரமும் நீர் எண்டவ, நீங்கள் எண்டு ஆரைச் சொன்னா எண்டு யோசிச்சுக்கொண்டு கிடந்தன். "நான் திரும்ப எறிய ஏலுமோ?" எண்டு கேட்டன். "முதல்ல கை வேலை செய்யட்டும். எறியிறதைப் பற்றி வாற வருஷம் கேளும்" எண்டா. கை வேலை செய்யுமோ இல்லையோ எண்டது அவவின்ர வாயில ஒரு கேள்வியா இருந்தது எனக்கு அப்பத்தான் உறைச்சுது. குழாய்காரனுக்குக் கை இல்லாட்டில் என்ன கிடக்கு?

பாக்க வந்த சனத்தைப் பற்றி நான் கதைக்காமல் விடுறதுதான் நல்லம், ஆனா விட மாட்டன். இரத்தம் உறையாமல் இருக்கிறதுக்குக் குடுக்கிற குளிசையோட கீரையை அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டா அது வேலை செய்யாது எண்டு எழுதியே தந்திருந்தாங்கள். எங்கட ஆக்கள் வரிசையாக் கீரைக் கறி கொண்டுவந்தினம். "தம்பி, இரத்தம் ஊறும், சாப்பிடும்." எனக்கு ஊறின இரத்தம் காணாதெண்டோ ஆஸ்பத்திரியில கிடக்கிறன்?

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் குகன் அண்ணை வந்தார். பிளாஸ்ரிக் பையுக்குள்ளயிருந்து ஒரு வெள்ளிப் பரிசுக் கிண்ணத்தை எடுத்து என்ர கட்டில் மேசையில வைச்சார். 'சிறந்த பந்துவீச்சாளர்.'

"எல்லாரும் உன்னைத்தான் கதைக்கினம், மச்சான். கெதியா எழும்பு. ஓகஸ்ட் கடைசியில பெரிய போட்டி கிடக்கு."

அந்த நேரம் பாத்து வால்டரும் வந்து சேந்தார். கிண்ணத்தைத் தூக்கிப் பாத்தார். அதில இருந்த சின்ன வெள்ளி மனிசன் கையைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு நிண்டான்.

"கிரிக்கெட்டில இப்பிடியோ எறியிறது?" எண்டு கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தினை பந்து போட்டனி?"

சொன்னன். கிழவர் கதிரையில இருந்திட்டார். பேந்து குகன் அண்ணையைப் பாத்துக் கத்தத் தொடங்கினார். "நான் எழுபதோட அவனை வெளியில எடுக்கிறன், நீர் முதல் நாளே நூறு போட வைச்சிருக்கிறீர்!" குகன் அண்ணையும் விடேல்லை. தன்ர இங்கிலீஷில, "எங்கட கிரிக்கெட் நல்ல விளையாட்டு, உங்கட அந்த ரவுண்டர்ஸால வந்த வினை" எண்டார். "ரவுண்டர்ஸோ?" எண்டு கிழவர் எழும்பினார். வாட்டில கிடந்த அவ்வளவு பேரும் எங்களைத்தான் பாத்தாங்கள். எனக்குக் கண்மண் தெரியாமல் ஆத்திரம் வந்திட்டுது.

"ரெண்டு பேரும் வாயைப் பொத்துங்கோ! இது என்ர கை!"

மலையாள நேர்ஸ் ஒருத்தி ஓடிவந்து ரெண்டு பேரையும் வெளியில போகச் சொன்னா. "நோயாளிக்கு ரெஸ்ட் வேணும்" எண்டா. கோதாரி, அந்தச் சொல்லைக் கேக்கிறதுக்கு நான் நெஞ்சைக் கிழிக்கிற கட்டில் வரைக்கும் வரவேண்டியிருந்தது. குகன் அண்ணை போகேக்க கிண்ணத்தைத் திருப்பி வைச்சிட்டுப் போனார், எழுத்து எனக்குத் தெரியிற மாதிரி.

அண்டு பின்னேரம் சுமதியின்ர போன் அடிச்சுது. அக்கா. முகாமுக்குள்ள ஆரோ ஒளிச்சு வைச்சிருந்த போனில ஆக்கள் முறை வைச்சுக் கதைக்கிறவை. அவவுக்கு ஒண்டும் சொல்லக் கூடாது எண்டு இருந்தனான். சுமதி அழுதுபோட்டா, அதால எல்லாம் வெளியில வந்திட்டுது. போனை என்ர காதில வைச்சா.

"என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?" அக்காவுக்கு எப்பவும் ஏச்சுத்தான் முதல்ல வரும். "ஆருக்கு எறியப் போய்க் கையை முறிச்சனி?"

"உங்களுக்குக் காசு சேக்கத்தான் அக்கா. ஒரு நாள் ரெஸ்ட் கேட்டனான், முகாமில சனம் கிடக்கேக்க உனக்கென்ன ரெஸ்ட் எண்டு..."

"ஆர் சொன்னது?"

நான் சுமதியைப் பாத்தன்.

"இஞ்ச கேள். விடிஞ்சாப் பொழுதுபட்டா நாங்கள் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ சும்மா குந்திக்கொண்டிருக்கிறம். வேலை இல்லை. போக இடமில்லை. ஓய்வு வேணுமெண்டா எங்களிட்டக் கேளுங்கோடா, மூட்டை மூட்டையாக் கிடக்கு. காசு சேருங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா என்ர தம்பியின்ர கையை நான் கேக்கேல்லை. சொன்னவையிட்டச் சொல்லு, அக்கா கேக்கேல்லையாம் எண்டு."

அடுத்த ஆளுக்கு முறை வந்திட்டுது. போன் நிண்டிட்டுது. நான் வாட்டில எல்லாருக்கும் முன்னால குழறி அழுதன். வெக்கமெல்லாம் பாக்கேல்லை.

விலா எலும்பை எடுத்தாச்சு. எழும்பினா நெஞ்சுக்குள்ள ஒரு ரியூப், கைக்குக் கீழ கமக்கட்டில தையல், இருமினாச் சாகலாம் போல நோ. வீட்டுக்கு வந்த பிறகு சுமதி சேர்ட்டின்ர வலப்பக்கத்தைப் பிரிச்சு, கையைத் தூக்காமல் போடுறதுக்கு ஒட்டுத்துணி வைச்சுத் தைச்சுத் தந்தா. முதல்ல தேத்தண்ணிக் கோப்பை தூக்கினன். பேந்து கேத்தில். போன கிழமை குளியலறைக் குழாயை நானே கழட்டிப் பூட்டினன். சுமதி வாசலில நிண்டு பாத்துப்போட்டு, ஈலிங் நேர்த்தியை இனி முடிக்கலாம் எண்டா. வால்டர் ஒருக்கா வீட்டுக்கு வந்தார். "வசந்தத்துக்கு டொக்டர் ஓமெண்டா எறி, இல்லையெண்டா பக்கத்தில வந்து இரு" எண்டார். கிரிக்கெட்டைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கி வாசிக்கிறாராம்.

நேற்றுக் குகன் அண்ணை போன் எடுத்தார்.

"மச்சான், கை சுகமோ? வாற சனி மண்டபத்துக்குள்ள ஒரு சின்னப் போட்டி வைக்கிறம். நீ பந்து போட வேண்டாம். அம்பயரா நிண்டாக் காணும். சும்மா நிண்டு கையைத் தூக்கிறது தானே."

"ஏலாது, அண்ணை."

"எட, ஒரு நாள்தானே. அங்க சனம்..."

"அக்கா கேக்கேல்லையாம்."

"எந்த அக்கா?"

அவரின்ர பக்கத்தில ரீவீ ஓடுற சத்தம் கேட்டுது.

"என்ர அக்கா. முகாமில இருக்கிறா. நீங்கள் ஆருக்கெண்டு போட்டி வைச்சியளோ, அவ."

ரீவீச் சத்தம் குறைஞ்சுது. எடுத்தெறிஞ்சு கதைப்பார் எண்டு பாத்தன். இல்லை. "இப்ப எப்பிடி இருக்கிறா?" எண்டு மெல்லமாக் கேட்டார். இவ்வளவு நாளில அவர் அக்காவைக் கேட்டது இதுதான் முதல் தரம்.

"ஓய்வு கூடிப்போச்சாம்" எண்டு சொல்லிப்போட்டு, வலக்கையாலயே போனை வைச்சன்.